மீந்த சரக்கும் இல்லத்து ஸ்டோர் ரூமும்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், நான் வேலை பார்த்த குழந்தைகள் இல்லத்துக்கு ஒரு தீபாவளி வாரத்தில் 90 கிலோ மைசூர்பாகு வந்து சேர்ந்ததையும், அதே வாரம் குளியல் சோப்பு தீர்ந்துபோய் நான் கடை கடையாக அலைந்ததையும் இரண்டு பத்தியில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கடைக்காரர்களுடையவை. "கொடுக்கத்தான் நினைக்கிறோம், எப்படி என்று தெரியவில்லை" என்பதுதான் பெரும்பாலானவற்றில் இருந்தது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 17 வருடம் அந்த ஸ்டோர் ரூம் சாவி என் இடுப்பில் இருந்தது. வாங்குகிற பக்கம் நின்று பார்த்ததைச் சொல்கிறேன்.

வணக்கம் அம்மா. எங்கள் பேக்கரியில் தினமும் கடை சாத்தும்போது பிரெட், பன், பப்ஸ், சில நாள் கேக் என்று மீந்துவிடுகிறது. வேலை பார்க்கும் பையன்கள் எடுத்துக்கொண்டது போக மீதி குப்பைக்குத்தான். பக்கத்துத் தெருவில் ஒரு குழந்தைகள் இல்லம் இருக்கிறது. கொடுக்க ஆசை. ஆனால் ஒரு பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தாலும் பழி நம் தலையில் விழும் என்று என் மச்சான் தடுக்கிறார். என்ன செய்யட்டும்?
*பேக்கரி உரிமையாளர், திண்டுக்கல்*

உங்கள் மச்சான் பயப்படுவதில் தப்பில்லை. அமெரிக்காவில் நல்லெண்ணத்தோடு உணவு கொடுத்தவரை வழக்கிலிருந்து காக்க 1996லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள், நமக்கு அப்படி ஒரு கவசம் கிடையாது. நமக்கு இருப்பது, உங்கள் லைசென்ஸில் பெயர் போட்டிருக்கும் அதே எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., அதாவது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், 2019ல் கொண்டுவந்த உபரி உணவு விதிமுறைகள். அதன் சாரம் ஒன்றும் புரியாத விஷயம் இல்லை. தேதி முடிந்ததைக் கொடுக்கக் கூடாது. என்ன பொருள், எங்கிருந்து வந்தது, எதுவரை சாப்பிடலாம், சைவமா அசைவமா என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். மீந்த உணவைச் சேகரித்து விநியோகிக்கும் அமைப்புகள் ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், வந்த உணவுக்கும் கொடுத்த உணவுக்கும் கணக்கு வைத்திருக்க வேண்டும். நீங்களும் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, பொருள், எண்ணிக்கை, சுட்ட நேரம், ஒப்படைத்த நேரம், வாங்கியவர் கையெழுத்து, இவ்வளவு போதும். நாளைக்கு ஏதாவது பேச்சு வந்தால் உங்களுக்காகப் பேசப்போவது அந்த நோட்டுதான், அதை மச்சானிடமே ஒப்படைத்துவிட்டால் அவர் பயமும் ஒரு வேலைக்கு ஆகும்.

பிரெட், பன், ரஸ்க், வர்க்கி, பிஸ்கட் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். கிரீம் கேக், முட்டை பப்ஸ், சிக்கன் பப்ஸ் இதெல்லாம் மதியத்திலிருந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்ததாக இருந்தால் கொடுக்கவே வேண்டாம். பப்ஸ் பெட்டிக்குள் எரிகிற மஞ்சள் பல்பின் வெதுவெதுப்பு கிருமிக்குத்தான் வசதி. குழந்தைகள் அதைத்தான் ஆசையாகக் கேட்பார்கள், எனக்குத் தெரியும், மனசு கேட்காது. அப்படித் தோன்றினால் மாதம் ஒரு நாள் புதிதாகச் சுட்டு அனுப்புங்கள்.

இப்போது நேரம். இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனசுள்ளவர்கள்கூடத் தவறுவது இங்கேதான். எங்கள் இல்லத்துக்கு ஒரு பேக்கரியிலிருந்து தினமும் பன் வந்துகொண்டிருந்தது. அவர்கள் கடை சாத்துவது 10 மணிக்கு, பையன் வண்டியில் வந்து பெட்டியை இறக்கும்போது பத்தரை ஆகிவிடும். எங்கள் பிள்ளைகள் ஏழரைக்கே சாப்பிட்டு ஒன்பதரைக்குப் படுத்துவிடுவார்கள். முதல் வாரம் வார்டன் அம்மா, ஆசையாகக் கொண்டு வந்து கொடுக்கிறார்களே என்று பிள்ளைகளை எழுப்பி வரிசையாக உட்கார வைத்து ஆளுக்கொரு பன் கொடுத்தார். கையில் பன்னைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போன ஒரு சின்னவனின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்புறம் காலையில் கொடுத்துப் பார்த்தோம், பாதி பன் விறைத்திருக்கும், மழைக்காலம் என்றால் மறுநாளே பூசணம். மூன்றாம் மாதம் நானே கடைக்குப் போய் முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன், அவரோ, "எவ்வளவு தங்கும்னு சாயங்காலம் ஆறு மணிக்கே எனக்குத் தெரியும்மா, நாப்பது பன் எப்பவும் நிக்கும்" என்றார். மறுநாளிலிருந்து ஆறரை மணிக்கு 40 பன், காலையில் சுட்டது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து விளையாடி முடிக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து நின்றது. அவருக்கு நஷ்டம் ஒன்றும் கூடவில்லை, எங்களுக்கு அது சாயங்காலச் சிற்றுண்டி ஆகிவிட்டது.

ஆகவே முதலில் அந்த இல்லத்துக்கு வெறுங்கையோடு போங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள், வாரத்தில் எந்த நாள் தேவை என்று கேளுங்கள். எல்லா நாளும் வேண்டாம் என்று சொன்னாலும் வருத்தப்படாதீர்கள், தினமும் மைதா தின்பது பிள்ளைகளுக்கும் நல்லதில்லை.

அம்மா, எனக்கு 23 வயது. சென்னையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலை. தேதி நெருங்கிய பிஸ்கட், நூடுல்ஸ், மாவு பாக்கெட்டை எல்லாம் தேதி முடியும்வரை வைத்திருந்து, அப்புறம் சிலதைத் திருப்பி அனுப்பிவிட்டு மற்றதைக் கிழித்துக் கொட்டச் சொல்கிறார்கள். கிழிக்கும்போது கை கூசுகிறது. என்னைப் போன்ற ஒருவன் ஏதாவது செய்ய முடியுமா?
*பெயர் வேண்டாம், சென்னை*

முடியும் தம்பி. அதற்கு முதலில் முதலாளி ஏன் அப்படிச் செய்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும், எல்லாரும் கல்மனசுக்காரர்கள் இல்லை. இரண்டு காரணம் இருக்கிறது. ஒன்று, எக்ஸ்பைரி ரிட்டர்ன். பல கம்பெனிகளில், தேதி முடிந்த சரக்கை டிஸ்ட்ரிபியூட்டரிடம் திருப்பிக் காட்டினால்தான் கடைக்கு அந்தப் பணம் வரவு வைக்கப்படும். பாக்கெட்டை இருபது நாள் முன்பே ஓர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டால் திருப்பிக் காட்டப் பொருள் இல்லை, பணமும் இல்லை. அதாவது வீணாகும்வரை காத்திருந்தால்தான் கடைக்கு லாபம் என்கிற மாதிரி கணக்கே அமைந்திருக்கிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆறவே ஆறாது. இரண்டாவது, கொடுத்த சரக்கு வெளியே விற்பனைக்குப் போய்விடுமோ, இல்லையென்றால் பில் இல்லாமல் மாற்றிக் கேட்டு அதே கடைக்கே திரும்ப வந்துவிடுமோ என்ற பயம். கிழிக்கச் சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

இரண்டாவது பயத்துக்கு மருந்து சுலபம். பார்கோடு மேல் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு, "விற்பனைக்கு அல்ல" என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப். முதல் விஷயத்துக்கு டிஸ்ட்ரிபியூட்டரின் ஒப்புதல் வேண்டும். சில பொருளுக்கு ரிட்டர்னே கிடையாது, கடைதான் நஷ்டத்தை ஏற்கிறது. உன் மேனேஜரிடம் பேசும்போது அதிலிருந்து தொடங்கு. "சார், ரிட்டர்ன் இல்லாத ஐட்டத்தை மட்டும், தேதிக்குப் பதினைந்து நாள் முன்பே தனி டிரேயில் எடுத்து வைக்கட்டுமா, எழுதிக் கையெழுத்து வாங்கி வைக்கிறேன்" என்று கேட்டுப் பார். எல்லாவற்றையும் கொடுக்கலாமே என்று கேட்டால் மாட்டேன் என்பவர்கள், ஒரு டிரே என்றால் யோசிப்பார்கள். அவருக்குத் தெரியாமல் மட்டும் எதையும் வெளியே எடுத்துப் போகாதே, உன் நல்ல மனசுக்குத் திருட்டு என்று பெயர் வந்துவிடும்.

பிரான்சில் 2016ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 400 சதுர மீட்டருக்கு மேல் பெரிதான சூப்பர் மார்க்கெட்டுகள், சாப்பிடக்கூடிய நிலையில் இருக்கும் விற்காத உணவை வேண்டுமென்றே பாழாக்கக் கூடாது, தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் போட்டுக் கொடுக்க வேண்டும். வேண்டுமென்றே பாழாக்கினால் 3,750 யூரோ அபராதம் என்று அப்போது வைத்தார்கள். அதற்கு முன்பு அங்கேயும் குப்பைத் தொட்டியில் ப்ளீச்சிங் ஊற்றிய கடைகள் இருந்தன. நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

அப்புறம், லேபிளில் "பெஸ்ட் பிஃபோர்" என்பது சுவையும் மொறுமொறுப்பும் குறையத் தொடங்கும் நாள், "யூஸ் பை" அல்லது "எக்ஸ்பைரி" என்பது அதற்கு மேல் தொடவே கூடாத நாள். வித்தியாசம் தெரிந்திருப்பது நல்லது, ஆனால் கொடுக்கும்போது இரண்டையுமே எல்லையாக வைத்துக்கொள்.

திருப்பூரில் சின்ன அளவில் பனியன் தயாரிப்பு. ஆர்டர் போக மீந்த பீஸ், சின்னக் குறை உள்ள பீஸ் என்று மூட்டை மூட்டையாகச் சேர்ந்திருக்கிறது. காதர்பேட்டை துணிச் சந்தையில் கேட்கிற விலைக்குத் தள்ளுவதற்கு, இல்லங்களுக்கே கொடுக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். பிராண்ட் லேபிள் உள்ளதைக் கொடுத்தால் சிக்கல் வருமா?
*வாசகர், திருப்பூர்*

வரலாம். ஆர்டர் கொடுத்த பையரோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள், மீந்த சரக்கை அவர்கள் பெயரோடு வெளியே விடக் கூடாது என்று பெரும்பாலும் இருக்கும். ஒரு மெயில் போட்டு, லேபிளை வெட்டிவிட்டுத் தொண்டுக்குக் கொடுக்க அனுமதி கேளுங்கள், பதில் எழுத்தில் வரட்டும். இப்போது கேட்பதற்கு நல்ல காலம். 2018ல் பர்பெரி என்கிற பிரிட்டிஷ் ஆடைக் கம்பெனி ஒரே ஆண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள விற்காத சரக்கை அழித்தது வெளியே தெரிந்து பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. இன்றைக்கு ஐரோப்பிய ஒன்றியம் பெரிய நிறுவனங்கள் விற்காத துணியையும் செருப்பையும் அழிக்கக் கூடாது என்று சட்டமே போட்டு, 2026 ஜூலை 19ஐத் தொடக்க நாளாகக் குறித்துவிட்டது. அந்த விதி உங்கள் குடோனுக்கு நேராக வராது, ஆனால் உங்கள் பையருக்கு இந்தப் பேச்சு புதிதாக இருக்காது.

லேபிளைவிட எனக்குக் கவலை அளவு. ஐரோப்பிய ஆளுக்குத் தைத்த டபுள் எக்ஸ்எல் டீ சர்ட் இருநூறு பீஸ் வந்தால் பத்து வயதுப் பிள்ளைகள் இல்லம் என்ன செய்யும்? எங்களுக்கு அப்படி வந்ததைத் துடைக்கிற துணியாக வெட்டினோம். இல்லங்களில் எப்போதும் பற்றாக்குறையாக இருப்பது உள்ளாடைதான். ஜட்டி, பனியன், பெண் பிள்ளைகளுக்கான ஷிம்மீஸ். வெளியாட்கள் யாரும் இதைக் கொடுப்பதில்லை, கேட்க எங்களுக்கும் கூச்சமாக இருக்கும். நீங்கள் தயாரிப்பது அதுதான் என்றால், உங்கள் மூட்டைதான் எங்களுக்குத் தீபாவளி. வயது வாரியாக அளவுப் பட்டியலை இல்லத்திடம் வாங்கி, அதன்படி பிரித்துக் கட்டி அனுப்புங்கள். தையல் ஒரு பக்கம் கொஞ்சம் கோணலாக இருந்தால் பரவாயில்லை. கறை, ஓட்டை இருப்பதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், எங்கிருந்தெல்லாமோ லாரியில் வந்த பழைய துணி ரோட்டோரம் மலையாகக் கிடந்தது. வீட்டையும் பிள்ளையையும் இழந்து நின்ற ஜனங்கள் அதைத் தொட மறுத்தார்கள். அந்தக் குவியலை அள்ளித் தரம் பிரித்து வேறு உபயோகத்துக்குக் கொண்டுபோனதில் டெல்லியைச் சேர்ந்த கூஞ்ச் அமைப்புக்குப் பெரிய பங்கு உண்டு. தொலைவில் நின்று பார்த்தவர்கள், "இவ்வளவு கொடுத்தும் வாங்க மாட்டேன்கிறார்களே" என்று பேசினார்கள். அந்தப் பேச்சு எனக்கு இன்றும் வலிக்கிறது.

பொருளாகக் கொடுத்தால் வரிச் சலுகை உண்டா? ஜிஎஸ்டியில் ஏதாவது பிரச்சினை வருமா?
*ஹோல்சேல் வியாபாரி, விருதுநகர்*

இதைத் தெரிந்துகொள்ளாமல் கொடுத்துவிட்டு அப்புறம் நொந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் நேராகச் சொல்கிறேன். பொருளாகக் கொடுப்பதற்கு வருமான வரியில் நன்கொடைக்கான 80ஜி சலுகை கிடையாது, பணமாகக் கொடுத்தால்தான். அதிலும் ரொக்கம் என்றால் 2,000 ரூபாய்வரை மட்டும், அதற்கு மேல் செக்கோ வங்கிப் பரிமாற்றமோ இருக்க வேண்டும். வாங்கும் அமைப்புக்கு 80ஜி அனுமதி இருக்க வேண்டும். நீங்கள் தனிநபராகப் புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருந்தால் அதுவும் இல்லை. 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண் மாறியிருக்கும், பேச்சு வழக்கில் இன்னும் 80ஜி என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

ஜிஎஸ்டி வேறு மாதிரி. சட்டத்தின் 17(5) பிரிவில், இலவசமாகக் கொடுத்த பொருளுக்கும் அழிந்துபோன பொருளுக்கும் உள்ளீட்டு வரி வரவு, அதாவது சரக்கு வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்கிற சலுகை, கிடையாது என்று இருக்கிறது. 40,000 ரூபாய்க்கு வாங்கிய 18 சதவீத வரிச் சரக்கைத் தானமாகக் கொடுத்தால், ஏற்கெனவே எடுத்த 7,200 ரூபாய் வரவைத் திருப்ப வேண்டும். "அப்படியானால் கொடுக்காமலே இருந்துவிடலாமே" என்று அவசரப்படாதீர்கள், குப்பையில் கொட்டினாலும் அதே 7,200ஐத் திருப்பத்தான் வேண்டும். குடோனில் கெட்டுப்போகப் போகிற சரக்கு என்றால் வரிக் கணக்கில் கொட்டுவதும் கொடுப்பதும் ஒன்றுதான், கொடுத்தால் நாலு பேருக்கு உதவும். சிலர் மிகக் குறைந்த விலைக்கு முறைப்படி பில் போட்டு இல்லத்துக்கு விற்கிறார்கள். உங்கள் சரக்குக்கு அது பொருந்துமா என்று ஆடிட்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். இல்லத்திடமிருந்து லெட்டர்ஹெட்டில் ரசீது வாங்கி வையுங்கள், அதில் சரக்கின் பெயரும் அளவும் இருந்தால் போதும்.

பொள்ளாச்சியில் கேட்டரிங் எடுத்துச் செய்கிறோம். கல்யாணத்தில் மீந்த சாப்பாட்டை மண்டபத்துக்காரர்கள் "எங்கேயாவது கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். மத்தியானம் மூன்று மணிக்கு யாரைத் தேடுவது?
*வாசகி, பொள்ளாச்சி*

மூன்று மணிக்குத் தேடினால் கிடைக்க மாட்டார்கள் அம்மா, முந்தின நாளே பேசி வைக்க வேண்டும். கோயம்புத்தூரில் 2014ல் தொடங்கிய "நோ ஃபுட் வேஸ்ட்" அமைப்பு இதையேதான் செய்கிறது, மண்டபத்திலிருந்து எடுத்துக்கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அதே ஆண்டு டெல்லியில் தொடங்கிய ராபின் ஹூட் ஆர்மியின் தன்னார்வலர்களும் பல ஊர்களில் இருக்கிறார்கள், அவர்கள் பணம் வாங்குவதில்லை. யாராக இருந்தாலும் முந்தின நாள் பேசிவிட்டு, முகூர்த்தத்தன்று காலையிலும், "இன்று 600 பேருக்குச் சமையல், ரெண்டு மணிக்கு மேல் சொல்கிறேன்" என்று ஒரு போன் செய்து வைத்துவிட்டால் அவர்கள் வண்டியைத் தயாராக வைத்திருப்பார்கள்.

பந்திக்குப் போய்த் திரும்பிய வாளியில் இருப்பதைக் கொடுக்காதீர்கள், அண்டாவில் இருப்பது மட்டும். சமைத்த உணவு வெளியே சும்மா இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சூடாக வைப்பதென்றால் 60 டிகிரிக்கு மேல், குளிராக வைப்பதென்றால் 5 டிகிரிக்குக் கீழே. உலக சுகாதார நிறுவனம் எல்லாருக்கும் சொல்கிற கணக்கு இது. காலை ஒன்பதுக்கு இறக்கிய சாம்பாரைப் பிற்பகல் மூன்றுக்குக் கொடுப்பதென்றால், நடுவில் எங்கே இருந்தது என்று உங்களுக்குத்தான் தெரியும். சோறு இன்னும் கவனம். வெதுவெதுப்பாகவே கிடந்த சோற்றில் உண்டாகும் ஒருவகை நச்சு, மறுபடி சூடு செய்தாலும் போகாது. தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப்பால் பாயசம் இரண்டையும் விட்டுவிடுங்கள். வடை, அப்பளம், லட்டு, உடைக்காத தண்ணீர் பாட்டில், நறுக்காத காய்கறி, பழம் இதெல்லாம் தாராளமாகப் போகலாம். நறுக்காத காய்கறி மூட்டையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை, இல்லத்துச் சமையல்காரருக்கு அதுதான் தங்கம்.

எங்கள் ஊரில் 22 பெரியவர்கள் உள்ள சின்ன முதியோர் இல்லம் நடத்துகிறோம். கடைகளிலிருந்து நிறைய வருகிறது, அதில் பாதி உபயோகம் இல்லாதது. பற்கள் இல்லாதவர்களுக்கு முறுக்கு, சர்க்கரை நோயாளிகளுக்கு ஜாங்கிரி, நாளை தேதி முடிகிற ஜூஸ். வேண்டாம் என்று சொன்னால் அடுத்த முறை நல்லதும் வராதோ என்று வாங்கி வைக்கிறோம், அப்புறம் நாங்களே குழி தோண்டிப் போடுகிறோம். இதை எப்படிச் சொல்வது அக்கா?
*நிர்வாகி, தஞ்சாவூர் மாவட்டம்*

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் 17 வருடம் சொல்லாமல் விழுங்கிய விஷயம் இது. கடைக்காரர்கள் இந்தப் பதிலைப் படிக்க வேண்டும் என்றுதான் மற்ற கடிதங்களோடு சேர்த்துப் போடுகிறேன். வாங்குகிறவர் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில், கொடுப்பவருக்குத் தான் என்ன கொடுத்தோம் என்றே தெரியாமல் போய்விடுகிறது. அவர் நல்லது செய்த திருப்தியோடு வீட்டுக்குப் போகிறார், இங்கே ஆயா அம்மா மண்வெட்டியை எடுக்கிறார். குப்பை அள்ளும் செலவு கடையிலிருந்து இல்லத்துக்கு மாறியதுதான் மிச்சம்.

நாங்கள் கடைசியில் செய்தது இது. வாசலில் ஒரு கரும்பலகை வைத்தோம், ஒவ்வொரு திங்கட்கிழமையும் "இந்த வாரம் வேண்டியது" என்று ஐந்து பொருள் எழுதினோம். குளியல் சோப்பு, துணி சோப்பு, துவரம் பருப்பு, நாப்கின், பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் என்று இருக்கும். அதற்குக் கீழேயே "இப்போது போதுமான அளவு இருப்பது" என்று இரண்டு பொருள், பெரும்பாலும் ஸ்வீட், பிஸ்கட். வாயால் வேண்டாம் என்று சொல்ல வந்த கூச்சம் பலகைக்கு வரவில்லை. அதைப் படம் எடுத்து வழக்கமாகக் கொடுக்கிற கடைக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒருவர்கூடக் கோபித்துக்கொள்ளவில்லை. மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர், "இத்தனை நாளா ஏம்மா சொல்லல, கடையில பருப்பு பொடிஞ்சது எவ்வளவு கிடக்கு" என்று கேட்டார். உடைந்த பருப்பு, உடைந்த முந்திரி, டப்பா நசுங்கிய டூத் பேஸ்ட், பழைய டிசைன் ரேப்பரில் இருந்த சோப்பு, இவையெல்லாம் கடைக்கு விற்காத சரக்கு, எங்களுக்கு அப்பட்டமான தேவை. கேட்டிருந்தால் பத்து வருடம் முன்பே வந்திருக்கும்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். பெரியவர்களுக்கு என்ன சாப்பிட முடியும் என்று எழுதுங்கள். ராகி மாவு, ரவை, ஓட்ஸ், பால் பவுடர், அடல்ட் டயப்பர், படுக்கை விரிப்பு. டயப்பருக்குப் பாக்கெட் கிழிந்த சரக்கு மொத்த வியாபாரிகளிடம் இருக்கும், கூசாமல் கேளுங்கள். ஒரு மாதத்துக்குக் குறைவாகத் தேதி உள்ள பொருள் என்றால் நீங்கள் ஒரு வாரத்தில் செலவழிக்கக்கூடிய அளவு மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியை வண்டியிலேயே திருப்பி அனுப்புங்கள். பக்கத்தில் வேறு இல்லம் இருந்தால் அவர்கள் எண்ணையும் கொடுத்து அனுப்புங்கள், கொடுக்க வந்தவர் வெறும் மனசோடு திரும்ப மாட்டார்.

போட்டோ பற்றியும் கேட்டிருந்தீர்கள், கடைக்காரர்கள் பொருளோடு பெரியவர்களை நிற்க வைத்து எடுக்கிறார்கள் என்று. அவர்களுக்கு விருப்பம் இல்லையென்றால் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். பொருளையும் ரசீதையும் மட்டும் எடுத்துப் போட்டுக்கொள்ளட்டும். குழந்தைகள் இல்லம் என்றால் இது சட்டமே. 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி, பராமரிப்பில் இருக்கும் குழந்தையின் பெயரோ படமோ வெளியே தெரியும்படி எந்த வகையிலும் போடக் கூடாது, மீறினால் ஆறு மாதம்வரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தானே என்று நினைக்கிற கடைக்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில், "உன் போட்டோ பார்த்தேன், பன் வாங்கிட்டு நின்ன" என்று கூட்டாளி சொல்லிவிட்டான் என்று ஒரு பையன் மூன்று நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்தான்.

மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். தேதி இன்னும் இரண்டு மாதம் இருக்கும் சிரப், மாத்திரைகளை இல்லத்துக்குக் கொடுக்கலாமா?
*வாசகர், கடலூர்*

இல்லத்து ஸ்டோருக்கு நேராகக் கொடுக்காதீர்கள். எங்களுக்கு அதைப் பிரித்து யாருக்கு எவ்வளவு என்று பார்க்கிற படிப்பு இல்லை, ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கைக்குக் கிடைத்ததை ஊற்றுகிற ஆபத்துதான் அதிகம். மருந்து தானம் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல், போய்ச் சேரும்போது குறைந்தது ஓர் ஆண்டு தேதி மீதி இருக்க வேண்டும் என்கிறது. ஸ்டாக்கிஸ்டிடம் ரிட்டர்ன் போடுங்கள். பஞ்சு, கட்டுத்துணி, கையுறை, தெர்மாமீட்டர், நாப்கின் இருந்தால் கொடுங்கள், இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார்கள்.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி விலை விழும்போது பெட்டி பெட்டியாகக் கொட்டுகிறோம். இலவசமாக எடுத்துக்கொள்ளச் சொன்னால்கூட இல்லத்துக்காரர்கள் வருவதில்லை. அக்கறை இல்லையா என்ன?
*கமிஷன் மண்டி வியாபாரி, ஒட்டன்சத்திரம்*

அக்கறை இருக்கிறது, வண்டி இல்லை. 15 பெட்டி தக்காளியை 40 கிலோமீட்டர் கொண்டுபோக ஆகிற டெம்போ வாடகையில், விலை விழுந்த நேரத்தில் அவர்கள் ஊர் உழவர் சந்தையிலேயே தக்காளி வாங்கிவிடலாம். இலவசம் என்பது உங்கள் மண்டி வாசலோடு முடிந்துவிடுகிறது. இன்னொன்று, தக்காளி மூன்று நாளில் போய்விடும், 30 பேர் உள்ள இல்லம் ஒன்று இரண்டு பெட்டிக்கு மேல் வாங்கி என்ன செய்யும்.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். திண்டுக்கல், பழனி, தாராபுரம் பக்கம் தினமும் காய் ஏற்றிப் போகிற வண்டிகள் உங்கள் மார்க்கெட்டிலேயே நிற்கின்றன. டிரைவரிடம் சொல்லி, போகிற வழியில் இருக்கிற இல்லத்தில் இரண்டு பெட்டி, அடுத்த ஊரில் இரண்டு பெட்டி என்று இறக்கிவிடச் சொல்லுங்கள், இறக்குகிறவருக்கு டீ காசு நீங்களே கொடுத்துவிடுங்கள். முதல் நாள் இரவே இல்லத்துக்குப் போன் செய்துவிட்டால் மறுநாள் மெனுவை மாற்றித் தக்காளி சாதம், தொக்கு என்று வைத்துக்கொள்வார்கள். காலிப் பெட்டிகளை மறுநாள் அதே டிரைவர் எடுத்து வந்துவிடுவார். பழுத்து உடைந்ததைப் பிரித்துவிட்டு, கெட்டியாக இருப்பதை மட்டும் ஏற்றுங்கள்.